நாணயத்தில் பதிந்த கைவண்ணம்: பணிப்பெண்ணாக வந்த சிற்பி ஆசிரியையாக உயர்ந்த வரலாறு



புலம்பெயர்ந்த கலைஞர் ஒருவர் புதிய மண்ணில் கலை ஆசிரியராவது எவ்வாறு என்பதே இன்றைய உரையின் பொருள். இதனைப் பேசுவதற்கு இந்த ரொறன்ரோ மாநகரிலேயே மிகச்சிறந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அந்த எடுத்துக்காட்டின் ஒரு சிறு பகுதி இங்கே அமர்ந்திருக்கும் பலரின் சட்டைப்பையிலும் கைப்பையிலும் இந்த நேரத்திலும் இருக்கக்கூடும். 1990 ஆம் ஆண்டு முதல் 2003 ஆம் ஆண்டு வரை அச்சிடப்பட்ட கனடிய நாணயம் எதனையும் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். முடி சூடிய இரண்டாம் எலிசபெத் அரசியாரின் பக்கவாட்டு முகம் அதில் இருக்கும். அந்த முகத்தைச் செதுக்கியவர் ரொறன்ரோவில் வாழ்ந்த ஒரு பெண் சிற்பி. பெயர் டோரா டி பெடெரி-ஹண்ட். போரினால் பெயர்க்கப்பட்டு, வீட்டுப் பணிப்பெண்ணாக இந்நாட்டில் வந்திறங்கியவர் அவர்.

எண்பதுகளின் பிற்பகுதியிலும் தொண்ணூறுகளிலும் ஈழத்திலிருந்து இந்நாட்டிற்கு வந்த தமிழர்கள் உணவகங்களிலும் தொழிற்சாலைகளிலும் கட்டடத் துப்புரவுப் பணிகளிலும் தம் வாழ்வைத் தொடங்கினர். அவர்களுடைய கைகளில் புழங்கிய சில்லறைக் காசுகளில், அவர்களைப் போலவே தொடங்கிய ஒருவரின் கைவேலை பதிந்திருந்தது. அதனை அறியாமலேயே பேருந்துக் கட்டணமாகவும் தேநீர் விலையாகவும் அக்காசுகளைச் செலவிட்டோம். அக்காசின் பின்னால் இருக்கும் வரலாற்றை அறிந்துகொள்வது நமக்குப் பயன்தரும்.

புடாபெஸ்ட் நகரின் சிற்பி

டோரா 1913 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்ட்டில் பிறந்தார். கல்வியிற் சிறந்த குடும்பம். அந்நகரின் பயன்முறைக் கலைக் கல்லூரியில் சிற்பம் பயின்று, 1943 ஆம் ஆண்டு முதுநிலைப் பட்டயம் பெற்றார். அப்போது அவருக்கு வயது முப்பதை எட்டியிருந்தது. ஓர் இளம் சிற்பி தன் பெயரை நிலைநாட்டத் தொடங்கும் பருவம் அது. ஆனால் காலம் இரண்டாம் உலகப்போரின் காலம். அடுத்த ஆண்டிலேயே ஜேர்மனியப் படைகள் ஹங்கேரியை ஆக்கிரமித்தன. அதன்பின் சோவியத் படைகள் புடாபெஸ்ட்டைச் சுற்றிவளைத்தன. 1944 இறுதியிலிருந்து 1945 பெப்ரவரி வரை நீண்ட அந்த முற்றுகையில் நகரின் பெரும்பகுதி சிதைந்தது. டான்யூப் ஆற்றின் பாலங்கள் அனைத்தும் தகர்க்கப்பட்டன.

போர் முடிந்தபோது ஐரோப்பாவின் முகாம்களிலும் தெருக்களிலும் இடம்பெயர்ந்தோர் இலட்சக்கணக்கில் இருந்தனர். அவர்களுள் ஒருவராக நாட்டை விட்டு வெளியேறிய டோரா, 1948 ஆம் ஆண்டு கனடாவிற்கு வந்தார்.

கைகளை மட்டும் கேட்ட நாடு

இங்கே ஒரு செய்தியைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். 1947 ஆம் ஆண்டு முதல் கனடிய அரசு ஐரோப்பாவின் இடம்பெயர்ந்தோர் முகாம்களிலிருந்து மக்களை ஏற்கத் தொடங்கியது. அந்த ஏற்பில் இரக்கம் இருந்தது, கணக்கும் இருந்தது. மரம் வெட்ட ஆட்கள் தேவை, சுரங்கத்திற்கு ஆட்கள் தேவை, பண்ணைக்கு ஆட்கள் தேவை, வீடுகளிலும் மருத்துவமனைகளிலும் பணிபுரியப் பெண்கள் தேவை. இத்தேவைகளுக்கேற்பவே ஒப்பந்த அடிப்படையில் ஆட்கள் தெரிவு செய்யப்பட்டனர். முகாமுக்கு வந்த அதிகாரிகள் உடல்நலத்தைப் பார்த்தனர். உழைக்கும் திறனைப் பார்த்தனர். மருத்துவர், பொறியியலாளர், இசைக்கலைஞர், சிற்பி என்ற தகுதிகளுக்கு அந்தப் படிவத்தில் இடமிருக்கவில்லை. எனவே கல்வி கற்றோர் பலரும் தம் கல்வியைச் சொல்லாது மறைத்து, உழைப்பாளர் என்று பதிந்துகொண்டு கப்பலேறினர்.

டோராவும் அவ்வாறே வீட்டுப் பணியாளராக வந்தார். களிமண்ணில் மனித முகத்தை உயிர்ப்பிக்கக் கற்ற கைகள் பிறர் வீட்டுப் பாத்திரங்களைக் கழுவின. இதில் இழிவு ஏதுமில்லை. உழைப்பு எதுவாயினும் மதிப்புக்குரியதே. ஆனால் ஒரு திறன் பயன்படாமற் கிடப்பது அத்திறனுடையவருக்கும் இழப்பு; அவரை ஏற்றுக்கொண்ட நாட்டிற்கும் இழப்பு. இவ்வுண்மையை நம் சமூகம் நன்கறியும். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் ஆசிரியராக இருந்தவர்கள் இங்கே இரவுக் காவலராகவும், எழுதுநராக இருந்தவர்கள் பொதிகட்டும் தொழிலாளராகவும் ஆண்டுகள் பல கழித்ததை நாம் கண்டிருக்கிறோம்.

தேவாலயம் என்னும் சிற்பக்கூடம்

டோரா சிற்பத்துறைக்கு மீண்டும் திரும்பியது எவ்வாறு? இதற்கு விடை காண அன்றைய ரொறன்ரோவின் கலைச்சூழலை அறிதல் வேண்டும்.

இம்மாநகரின் மூர் பார்க் பகுதியில், கிளென்றோஸ் நிழற்சாலையில், பழைய மரத் தேவாலயக் கட்டடம் ஒன்று இருந்தது. 1920 ஆம் ஆண்டில் அதனை வாங்கிச் சிற்பக்கூடமாக்கி வாழ்ந்தவர்கள் பிரான்சிஸ் லோரிங், புளோரன்ஸ் வைல் என்ற இரு பெண் சிற்பிகள். இருவரும் அமெரிக்காவிலிருந்து இங்கு குடியேறியவர்கள். அவர்களது இல்லம் கலைஞர்கள் கூடும் இடமாக விளங்கியது. ‘தேவாலயம்’ என்றே அதனை எல்லோரும் அழைத்தனர். 1928 ஆம் ஆண்டில் கனடியச் சிற்பிகள் சங்கம் தோன்றியபோது அதன் நிறுவுநர் அறுவருள் இவ்விருவரும் அடங்குவர். மற்றிருவர் ரொறன்ரோவின் இமானுவேல் ஹான், எலிசபெத் வின் வூட் தம்பதியர். ஏனைய இருவர் மொன்றியலைச் சேர்ந்த சிற்பிகள்.

புதிதாக வந்த ஹங்கேரியச் சிற்பிக்கு லோரிங், வைல் இருவரின் நட்பும் ஊக்கமும் கிடைத்தன. மூத்த கலைஞர்கள் புதியவர் ஒருவரின் திறனைக் கண்டு, ‘இவர் சிற்பி’ என்று அடையாளம் காட்டுவது சிறிய செயலன்று. வந்த நாட்டில் தன்னை அறிந்தோர் எவருமில்லாத ஒருவருக்கு அதுவே முதல் சான்றிதழ். பின்னாளில் லோரிங்கின் மார்பளவுச் சிலையை டோரா வடித்தார். அச்சிலை கனடிய தேசியக் கலைக்கூடத்தின் தொகுப்பில் சேர்ந்தது. லோரிங்கும் வைலும் 1968 ஆம் ஆண்டில் சில வார இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராக மறைந்தனர். மவுண்ட் பிளெசண்ட் சாலையும் செயின்ட் கிளயர் நிழற்சாலையும் சந்திக்கும் இடத்தில் அவர்கள் பெயரால் ஒரு சிறு பூங்கா உண்டு. அவ்வழியே செல்வோர் ஒருமுறை நின்று பார்க்கலாம்.

வகுப்பறைக்குள் நுழைந்த சிற்பி

1949 ஆம் ஆண்டு தொடங்கி ஏறக்குறையப் பத்து ஆண்டுகள் டோரா ரொறன்ரோவின் நோர்தர்ன் தொழிற்கல்விப் பாடசாலையில் சிற்பம் கற்பித்தார். மவுண்ட் பிளெசண்ட் சாலையிலுள்ள அப்பாடசாலை இன்று நோர்தர்ன் உயர்நிலைப் பாடசாலை என்ற பெயரில் இயங்குகின்றது.

தொழிற்கல்விப் பாடசாலை என்பது அக்காலத்தில் முக்கியமான ஒரு நிறுவனம். பல்கலைக்கழகம் செல்லும் வசதியற்ற பிள்ளைகளுக்குக் கைத்தொழில் கற்பிக்கும் இடம் அது. அங்கே கலையும் ஒரு தொழிலாகவே கருதப்பட்டது. ரொறன்ரோவின் சென்ட்ரல் தொழில்நுட்பப் பாடசாலையில் எலிசபெத் வின் வூட் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் சிற்பம் கற்பித்தார். அவருடைய கணவர் இமானுவேல் ஹான் 1912 முதல் 1951 வரை ஒன்ராறியோ கலைக்கல்லூரியில் கற்பித்தார். அந்த ஹானும் குடியேறியவரே. ஜேர்மனியில் 1881 இல் பிறந்து, 1888 இல் சிறுவனாகக் குடும்பத்துடன் இங்கு வந்தவர். பத்துச் சத நாணயத்தின் பாய்மரக் கப்பலும், இருபத்தைந்து சத நாணயத்தின் கரிபூ மானும் அவர் வடித்தவை. 1937 இல் வெளிவந்த அவ்வடிவங்கள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. ஆக, கனடிய நாணயத்தின் ஒரு பக்கத்தை ஒரு குடியேறிய சிற்பாசிரியரும், மறுபக்கத்தை இன்னொரு குடியேறிய சிற்பாசிரியரும் வடித்த காசுகள் பதின்மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வெளிவந்தன!

கலைஞருக்கு ஆசிரியப்பணி எதைத் தருகின்றது என்பதை இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

முதலாவது, மாதந்தோறும் ஊதியம். சிற்பம் செலவு மிக்க கலை. ஓவியருக்குத் தாளும் வண்ணமும் போதும். சிற்பிக்குக் களிமண், சாந்து, உலோகம், வார்ப்புக் கூலி, பாரம் தாங்கும் இடம் அனைத்தும் வேண்டும். வாடகைக்கும் உணவுக்கும் வழியில்லாத சிற்பி சிற்பத்தைக் கைவிடுவதே உலக வழக்கம்.

இரண்டாவது, மொழி. புதிய நாட்டின் மொழி முழுமையாகக் கைவராதபோதும் சிற்ப வகுப்பில் கை பேசும். கம்பியை வளைத்து உள்ளே சட்டம் அமைப்பது, அதன்மேல் களிமண்ணை அப்புவது, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் உருவம் குலையாதிருக்கச் சுற்றிச் சுற்றி வந்து சரிபார்ப்பது, சாந்தில் அச்செடுப்பது ஆகியவற்றைச் செய்துகாட்டியே கற்பிக்கலாம். செய்துகாட்டும்போதே சொற்களும் வந்து சேர்கின்றன. மாணவர் ஆசிரியரிடம் கலையைக் கற்க, ஆசிரியர் மாணவரிடம் நாட்டைக் கற்கிறார்.

மூன்றாவது, சமூகத்தில் ஓர் இடம். பணிப்பெண்ணின் பெயரை அந்த வீடு மட்டுமே அறியும். ஆசிரியையின் பெயரை ஆண்டுதோறும் வரும் மாணவரும் பெற்றோரும் அறிவர். குடிவரவாளர் ஒருவர் இந்த நாட்டின் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் அந்தக் கணத்திலிருந்து, அவர் பெறுபவர் என்ற நிலையிலிருந்து தருபவர் என்ற நிலைக்கு மாறுகின்றார்.

பதக்கக் கலையின் தொடக்கம்

1957 ஆம் ஆண்டில் கனடியக் கலைமன்றம் தோற்றுவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அதன் நிதியுதவி பெற்று டோரா ஐரோப்பா சென்றார். 1958 ஆம் ஆண்டின் உலகக் கண்காட்சி நடைபெற்ற பிரசெல்ஸ் நகரில் பதக்கக் கலைப் படைப்புகளைக் கண்டார். உள்ளங்கையில் அடங்கும் உலோக வட்டத்தில் ஒரு மனிதரையும் அவர் வாழ்வையும் சொல்லிவிட முடியும் என்பது அவரை ஈர்த்தது. கனடாவில் அப்போது அக்கலை வேரூன்றியிருக்கவில்லை. அவரே அதனை இங்கு வளர்த்தார். 1961 இல் கனடியக் கலைமன்றத்தின் பதக்கத்தை வடித்தது தொடக்கமாக, வாழ்நாளில் 600 க்கும் மேற்பட்ட பதக்கங்களை உருவாக்கினார். நாட்டிற்கு உழைத்த அறிஞர், மருத்துவர், கலைஞர் பலரின் முகங்கள் அவர் கைவழியே வெண்கலத்தில் நிலைபெற்றன.

பதக்கம் எவ்வாறு உருவாகின்றது என்பதைச் சுருக்கமாகக் கூறலாம். முதலில் களிமண்ணிலோ மெழுகிலோ சாந்திலோ புடைப்புச் சிற்பமாக உருவம் அமைக்கப்படும். ஆழம் சில மில்லிமீற்றர் அளவே. அந்தச் சில மில்லிமீற்றருக்குள் மூக்கு முன்னே வரவேண்டும், காது பின்னே செல்லவேண்டும், கூந்தல் படிந்திருக்கவேண்டும். உண்மையான ஆழத்தைக் காட்டாமல் ஆழத்தின் உணர்வை ஒளியாலும் நிழலாலும் தோற்றுவிப்பதே இக்கலையின் நுட்பம். பின்னர் அது வார்ப்பு முறையிலோ அச்சு முறையிலோ உலோகமாக்கப்படும். நாணயத்திற்காயின், பெரிதாகச் செய்த மாதிரியைச் சிறிதாக்கி எஃகு அச்சில் ஏற்றி, அவ்வச்சால் அடிப்பர்.

மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றும் வார்ப்பு முறை தமிழர்க்குப் புதியதன்று. சோழர் காலத்துச் செப்புத்திருமேனிகள் இம்முறையில் பிறந்தவையே. கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் இன்றும் சிற்பிகள் அம்முறையிலேயே வார்க்கின்றனர். ஹங்கேரியப் பெண்ணின் பதக்கத்திற்கும் சுவாமிமலை நடராசர்க்கும் உள்ள இந்த உறவை நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லும் ஆசிரியர் ஒருவர் வகுப்பறையில் இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

1974 இல் கனடிய அரசின் உயரிய விருதான ‘ஓர்டர் ஒஃப் கனடா’ டோராவிற்கு வழங்கப்பட்டது. 1976 ஆம் ஆண்டு மொன்றியல் ஒலிம்பிக் விளையாட்டுகளை ஒட்டி வெளியான 100 டொலர் தங்க நாணயத்தையும் அவரே வடித்தார். 1990 இல், எழுபத்தாறு வயதில், அரசியாரின் உருவத்தை நாணயத்திற்கு வடித்தார். அதுவரை கனடிய நாணயங்களில் இடம்பெற்ற ஆட்சியாளர் உருவங்களை வடித்தவர்கள் கனடியரல்லாத சிற்பிகளே. அப்பணியைச் செய்த முதற் கனடியர் டோரா. அந்த முதற் கனடியர் கனடாவில் பிறந்தவரல்லர். ஒப்பந்தப் பணிப்பெண்ணாக வந்திறங்கியவர். 2008 ஆம் ஆண்டு தொண்ணூற்று நான்காம் வயதில் ரொறன்ரோவில் அவர் மறைந்தார். அரசியாரும் 2022 இல் மறைந்துவிட, 2023 இறுதியிலிருந்து சார்ள்ஸ் மன்னரின் உருவம் பொறித்த காசுகள் வெளிவருகின்றன. எனினும் டோராவின் காசுகள் இன்னும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன.

இதே பாதையில் நடந்த பிறர்

இது ஒரு தனி மனிதரின் வியத்தகு கதை மட்டும்தானா? அல்ல. இராசத்தானின் அபு மலையில் 1934 இல் பிறந்த ஓவியர் மன்சாராம், மும்பையின் ஜே.ஜே. கலைக்கல்லூரியிலும் பின்னர் நெதர்லாந்திலும் பயின்று, 1966 இல் கனடாவிற்குக் குடியேறினார். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற ஊடக அறிஞர் மார்ஷல் மக்லூகனுடன் இணைந்து படைப்புகளை உருவாக்கியவர் அவர். அத்தகையவரும் ஒன்ராறியோவில் பாடசாலைக் கலை ஆசிரியராகப் பணியாற்றியே குடும்பத்தைக் காத்தார். 2020 இல் அவர் மறைந்தார். அவருடைய படைப்புகளின் பெருந்தொகுதி ரோயல் ஒன்ராறியோ அருங்காட்சியகத்தில் உள்ளது.

தாயகத்திலும் இப்பாதை அறியப்பட்டதே. சென்னைக் கடற்கரையில் உழைப்பாளர் சிலையை அறியாதார் இல்லை. அதனை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி சிற்பியும் ஓவியருமாவார். தமிழகத்தில் பிறந்தவரல்லர், இன்றைய வங்கதேசத்தின் ரங்பூர்ப் பகுதியைச் சேர்ந்தவர். 1929 இல் சென்னைக் கலைப்பள்ளியின் தலைமைப் பொறுப்பேற்று 1957 வரை அங்கே கற்பித்தார். மொழி வேறான ஒரு மண்ணுக்கு வந்த அவரின் கீழ்ப் பயின்றவர்களே கே.சி.எஸ். பணிக்கர், எஸ். தனபால் போன்றோர். தென்னிந்திய நவீன கலையின் ஒரு தலைமுறை, வெளியிலிருந்து வந்த ஓர் ஆசிரியரின் வகுப்பறையிலிருந்து எழுந்தது.

யாழ்ப்பாணத்திலோ எஸ்.ஆர். கனகசபை போன்ற கலைக்கல்வியாளர்கள் 1938 இல் வின்சர் ஓவியக் கழகத்தை அமைத்தனர். இலங்கையில் கலைக்கல்விப் பரிசோதகராகப் பணியாற்றிய வின்சர் என்ற ஐரோப்பிய ஓவியரின் பெயரை அக்கழகம் தாங்கியது. பின்வந்த தலைமுறையில் ஓவியர் ஆ. மாற்கு சித்திர ஆசிரியராக இருந்து, போர் சூழ்ந்த காலத்திலும் மாணவர்களை உருவாக்கினார். 1995 ஆம் ஆண்டின் வலிகாமப் பெரும் இடப்பெயர்வு அவரையும் பெயர்த்தது. படைப்புகள் பல அழிந்தன. 2000 இல் அவர் மறைந்தார். ஓவியங்கள் அழிந்தும் அவரிடம் கற்றவர்கள் எஞ்சினர். ஆசிரியராக இருந்த கலைஞரின் படைப்பைப் போரால் முழுமையாக அழிக்க முடியாது என்பதற்கு அவரே சான்று.

இன்றைய ஒன்ராறியோவில் வழி எது?

வரலாறு போதும், இன்று செய்யவேண்டியது என்ன என்ற வினா எழுவது இயல்பு. டோராவின் காலம் வேறு, இக்காலம் வேறு. ஒன்ராறியோவின் அரச பாடசாலைகளில் கற்பிக்க ஒன்ராறியோ ஆசிரியர் கல்லூரியின் உறுப்புரிமை வேண்டும். பெயர் கல்லூரி எனினும் அது பாடம் நடத்தும் இடமன்று. ஆசிரியத் தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பு. 1996 ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி தோன்றியது. அதற்கான அடிப்படைத் தேவைகள் பட்டப்படிப்பு, ஆசிரியப் பயிற்சி, மொழித்திறன், குற்றப்பதிவுச் சான்று முதலியன. இந்த மாகாணத்து ஆசிரியப் பயிற்சி 2015 இல் நான்கு பருவங்களாக நீட்டப்பட்டது.

வெளிநாட்டில் பயிற்சி பெற்றோர் தம் தகுதிகளை அவ்வமைப்பிடம் மதிப்பீட்டிற்கு அளிக்கலாம். இங்கேதான் போரினால் பெயர்க்கப்பட்டோர் தடுமாறுகின்றனர். சான்றிதழ் எரிந்துபோயிருக்கும். கற்ற நிறுவனம் ஆவணத்தை நேரடியாக அனுப்பவேண்டும் என்பர். அந்நிறுவனமோ கடிதத்திற்குப் பதில் எழுதாது. இத்தகைய நிலையில் மனம் சோர்ந்து விட்டுவிடுவோரே மிகுதி. 2006 இல் ஒன்ராறியோ சட்டமன்றம் ஒழுங்குபடுத்தப்பட்ட தொழில்களில் நீதியான அணுகலை உறுதிசெய்யும் சட்டத்தை இயற்றியது. பதிவுமுறை வெளிப்படையாகவும் நடுநிலையாகவும் நீதியாகவும் இருக்கவேண்டும் என்பது அதன் கோட்பாடு. அதனைக் கண்காணிக்க நீதி ஆணையாளர் அலுவலகம் ஒன்றும் உண்டு. இச்சட்டம் இருப்பதை அறிந்தோர் நம்மிடையே எத்தனை பேர்?

இந்நோக்கில் கலைஞர்களும் சமூக அமைப்புகளும் கருதவேண்டியவை சில:

1. தாயகத்தில் சித்திர ஆசிரியர், சிற்ப ஆசிரியர் பயிற்சி பெற்று வந்தோர் ஆவணங்களை வந்த முதலாண்டிலேயே திரட்டவேண்டும். பெறவியலாத ஆவணம் எது, ஏன் என்பதை எழுத்தில் பதிந்து, மாற்று ஏற்பாடு குறித்து எழுத்திலேயே கேட்டல் வேண்டும். வாய்மொழியாகக் கேட்டுப் பெற்ற ‘முடியாது’ என்ற விடையை இறுதி விடையாகக் கொள்ளலாகாது.

2. ஆவணம் இல்லாதவரிடத்திலும் படைப்பு இருக்கும். படைப்புகளின் நிழற்படத் தொகுப்பு ஒன்றை ஒழுங்காகப் பேணுதல் வேண்டும். ஆண்டு, அளவு, ஊடகம் ஆகியன ஒவ்வொன்றிற்கும் குறிக்கப்படவேண்டும். கலைக்கல்லூரிகளின் நுழைவிலும் கலைமன்றங்களின் நிதியுதவியிலும் முதலில் கேட்கப்படுவது அதுவே.

3. பாடசாலை ஒன்றே வகுப்பறையன்று. மாநகரச் சமூக நிலையங்கள், நூலகங்கள், முதியோர் இல்லங்கள், வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகள் ஆகிய இடங்களில் கற்பிக்கச் சான்றிதழ் பெரும்பாலும் தடையாகாது. அங்கே பெறும் அனுபவமும் பரிந்துரைக் கடிதமும் அடுத்த கதவைத் திறக்கும்.

4. டோராவிற்கு லோரிங்கும் வைலும் கிடைத்தனர். நம் கலைஞருக்கு யார்? இங்கே நிலைபெற்ற தமிழ் ஆசிரியர்கள் இன்று கல்விச் சபைகள் பலவற்றிலும் உள்ளனர். அவர்களுள் ஒவ்வொருவரும் புதிதாக வந்த ஒரு கலைஞருக்கு வழிகாட்ட முன்வருவராயின், அதற்கு ஈடான உதவி வேறில்லை.

5. பெற்றோரின் மனமாற்றமும் தேவை. ஒன்ராறியோவில் உயர்நிலைப் பாடசாலைப் பட்டயம் பெறக் கலைப்பாடம் ஒன்றேனும் கட்டாயம். அதனை வேண்டாச் சுமையாகக் கருதி எளிதான ஒன்றைத் தேர்ந்து கடத்திவிடும் போக்கு நம்மிடையே உண்டு. கணிதமும் அறிவியலும் போற்றும் சமூகம், கண்ணையும் கையையும் பயிற்றும் கல்வியைப் புறந்தள்ளினால், நம் பிள்ளைகளுள் ஒரு சிற்பி இருப்பதை நாமே அறியாது போவோம்.

இவற்றுள் எதுவும் பெரும் பணம் வேண்டுவதன்று, அக்கறை வேண்டுவது.

நிறைவாக

எந்தச் சமூகமும் போரில் இழந்த நிலத்தையும் வீட்டையும் கணக்கிடுகின்றது. பயன்படாமற் போன திறன்களை யாரும் கணக்கிடுவதில்லை. தொழிற்சாலையிலிருந்து இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்பி, சமையலறை மேசையில் வண்ணக்குடுவையைத் திறக்கும் தமிழ்க் கலைஞர்கள் இந்த மாநகரில் இன்றும் உள்ளனர். ஊரில் தேர்முட்டிக்கும் வாகனங்களுக்கும் சிற்பம் செதுக்கியவர் இங்கே பலகை அறுக்கும் ஆலையில் நிற்கின்றார். அவர்களுடைய கைகளில் இருப்பது அவர்களோடு முடிந்துபோகுமா, அடுத்த தலைமுறைக்குச் செல்லுமா என்பது அவர்கள் ஒரு வகுப்பறையை அடைகிறார்களா என்பதைப் பொறுத்தது.

டோரா பணிப்பெண்ணாக இருந்த காலம் குறுகியது. தகுதியை உணர்ந்த இரு மூத்த கலைஞரும், கதவைத் திறந்த ஒரு பாடசாலையும் அவரைக் காத்தனர். அவர்கள் இல்லாதிருந்தால் அந்தப் பதக்கங்கள் இல்லை. அந்த நாணயமும் இல்லை. ஒரு பாடசாலை 1949 இல் செய்த சிறு முடிவின் பயனை ஒரு நாடு முழுவதும் பின்னாளில் கையிலேந்தியது. நம் கலைஞர்களுக்கும் அத்தகைய கதவு திறக்கவேண்டும். அதனைத் தட்டுவதில் அவர்களோடு துணைநிற்பது சமூகத்தின் கடமை.